யாரிடம் கேட்பது? – வேலைக்குப் புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும், அவர்களை வேலைக்கு எடுத்தவர்களும் தங்கள் சிக்கல்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்களுடையவை மிகுதி. அவற்றுள் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயர்களையும் பணியிடங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, மஞ்சக்குப்பத்தில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக அண்மையில் சேர்ந்தேன். எனக்கு ஒதுக்கிய இருக்கை பல மாதங்கள் காலியாகக் கிடந்ததால் நிலுவைத் தபால்கள் குவிந்திருக்கின்றன. அலுவலகத்தில் எல்லோரும் அன்பாகத்தான் பழகுகிறார்கள். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். என் பிறந்தநாளுக்குக் கேக் கூட வெட்டினார்கள். ஆனால், ஒரு குறிப்பு எழுதத் தெரியாமல் போய் நின்றால், “பழைய ஃபைலைப் பார்த்து எழுதும்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவ்வளவு நல்லவர்களுக்கு நடுவில் இருந்தும் பல நாள் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வருகிறேன். குறை என்னிடம்தானா?
– வாசகி, கடலூர்

பதில்: குறை உங்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வகை ஆதரவு உங்களுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் வேறு இரண்டு வகை கிடைக்கவே இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ், வேலையால் வரும் மன அழுத்தத்தைப் பற்றி 1981இல் எழுதியபோது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் தரும் ஆதரவை நான்காகப் பிரித்துக் காட்டினார்: பரிவோடு நடத்துவது, வேலையில் நேரடியாகக் கைகொடுப்பது, தெரிய வேண்டியதைச் சொல்வது, செய்த வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. சாப்பாட்டைப் பகிர்வதும் கேக் வெட்டுவதும் முதல் வகை. அது மிக நல்லது; ஆனால், உங்கள் இருக்கைக்கு வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டில் ஏறிய தபாலுக்கு என்ன குறிப்பு எழுதுவது என்பதை அது சொல்லித் தராது.

உங்கள் அலுவலக வேலையையே எடுத்துக்கொள்வோம். தபால் வருகிறது, பகிர்மானப் பதிவேட்டில் பதிவாகி உங்கள் இருக்கைக்கு வருகிறது, நீங்கள் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றி ந.க. எண் என்ற கோப்பு எண்ணைக் கொடுக்கிறீர்கள். இதுவரை உள்ள நடைமுறையை எவரும் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகுதான் எங்கும் எழுதிவைக்கப்படாத விஷயங்கள் தொடங்குகின்றன. எந்தத் தபாலுக்கு அன்றைக்கே பதில் போயாக வேண்டும், எதை அறிக்கை கேட்டு வட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், எந்தப் பொருளில் அலுவலர் முந்தைய உத்தரவின் நகலைத் தேடுவார், எந்த வாசகத்தைக் கண்டால் கண்காணிப்பாளர் சுழித்துத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் அந்த அறையில் இருப்பவர்களின் தலைக்குள் மட்டுமே இருக்கும். “பழைய ஃபைலைப் பார்” என்ற அறிவுரை தவறானது அன்று. எந்த ஃபைல், அதில் எந்தப் பக்கம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால்தான் அது பயனற்றுப் போகிறது.

புதிய பணியாளர்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்த டால்யா பாவர் குழுவினர், ஒருவர் வேலையில் காலூன்றிவிட்டதற்கு மூன்று அடையாளங்களைக் கணக்கில் எடுத்தார்கள்: தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்ற தெளிவு, தன்னால் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, உடன் வேலை செய்பவர்கள் தன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்ற உணர்வு. உங்களுக்கு மூன்றாவது வாய்த்திருக்கிறது. முதலாவது இல்லாததால் இரண்டாவதும் ஆட்டம் காண்கிறது. “எல்லோரும் நல்லவர்கள், அப்படியானால் குறை என்னிடம்தான்” என்ற முடிவுக்கு நீங்கள் வந்ததும் இதனால்தான்.

இனி என்ன செய்வது? கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் நேரடியாகக் கேட்காமல் சுற்றிவளைத்துக் கேட்பதும், சம்பந்தமில்லாத ஒருவரிடம் கேட்பதும், மற்றவர்களைப் பார்த்து ஊகிப்பதும், கேட்டால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தால்தான் என்று வெர்னான் மில்லரும் ஃப்ரெட்ரிக் ஜாப்லினும் 1991இல் விளக்கினார்கள். ஆகவே, கேட்கும் விதத்தால் அந்த விலையைக் குறைக்க வேண்டும். “இது எப்படி எழுதுவது சார்?” என்று வெறுங்கையோடு போகாதீர்கள், கேட்கப்படுபவர் தன் வேலையை நிறுத்திவிட்டு முழுப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். தெரிந்த அளவில் பென்சிலால் ஒரு வரைவு எழுதிக்கொண்டு போய், “இப்படி எழுதியிருக்கிறேன், இந்த இரண்டாவது பத்தி மட்டும் சந்தேகமாக இருக்கிறது” என்று காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் திருத்திக் கொடுப்பது எவருக்கும் பாரமில்லை. அன்றைய தபால் பிரித்துக் கொடுக்கும் பரபரப்பு அடங்கிய பிறகு, நாளுக்கு ஒரு முறை, நான்கைந்து சந்தேகங்களைச் சேர்த்து எடுத்துப் போவது இன்னும் நல்லது.

இன்னொரு வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் இருக்கையில் முன்பு இருந்தவர் மாறுதலில் எங்கே போனார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதே மாவட்டத்தில் எங்காவது இருப்பார். ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் அரை மணி நேரம் கேட்டால், நிலுவையில் உள்ளவற்றில் எது வெடிக்கும், எது தானாக அடங்கும் என்று அவர் சொல்லும் விவரம் வேறு எவரிடமும் கிடைக்காது. பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு உங்கள் முறை வரும்போது, வேலை கிடக்கிறதே என்று தள்ளிப்போடாமல் போய்வாருங்கள். வகுப்புகளின் பயன் ஒரு பக்கம் இருக்கட்டும். பிற மாவட்டங்களில் அதே இருக்கை வேலையைப் பார்க்கும், உங்களைப் போலவே புதியவர்களான தோழிகள் அங்கே கிடைப்பார்கள். அவர்களிடம் எதைக் கேட்டாலும் மதிப்புக் குறையாது.

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களை ட்ரெயினியாக எடுக்கிறோம். சேரும் அன்று நாள் முழுக்க வகுப்பு, பாதுகாப்பு வீடியோ, சீருடை, ஷூ, மதியம் பிரியாணி என்று நன்றாகத்தான் வரவேற்கிறோம். அப்படியிருந்தும் பலர் ஓரிரு மாதங்களில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறேன் நான், எங்கள் ஹெச்.ஆர். மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், குடிகாடு

பதில்: உங்கள் மேலாளரின் பக்கம் நிற்கிறேன். ஆனால், அவரிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பையன்கள் கம்பெனியின் நேரடி ட்ரெயினிகளா, காண்ட்ராக்டர் வழியாக வருபவர்களா, மாதச் சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு? சம்பளம் குறைவாக இருந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் எவரும் போகத்தான் செய்வார்கள். அன்பான வரவேற்பு அதற்கு ஈடாகாது. அதைத் தனியே வைத்துவிட்டு, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் மார்க்கு யோகிசாரி, யாரி-எரிக் நூர்மி ஆகியோர், வேலையில் சேர்ந்தவர்களை ஆறாம் மாதத்திலிருந்து இருபத்தோராம் மாதம் வரை தொடர்ந்து கவனித்து 2009இல் எழுதினார்கள். மேலதிகாரியின் ஆதரவு நாளாக ஆகக் குறைந்துகொண்டே போவதாகப் பணியாளர்கள் உணர்ந்தார்கள்; யாருக்கு அது வேகமாகக் குறைந்ததோ அவர்களிடம் வேலையைப் பற்றிய தெளிவும் மனநிறைவும் குறைந்தன, சம்பள உயர்வும் மெதுவாகவே வந்தது. அங்கே பல மாதங்களில் நடந்தது, ஷிப்ட் முறையில் ஓடும் ஒரு தொழிற்சாலையில் பத்தே நாளில் நடந்துவிடக்கூடும் என்பது என் எண்ணம். ஏனென்றால், முதல் வாரம் பகல் ஷிப்டில் பையனுக்கு வேலை காட்டிய மூத்த ஆபரேட்டர் அடுத்த வாரம் வேறு ஷிப்டுக்குப் போய்விடுகிறார். பையன் இரவு ஷிப்டில், பெயர்கூடத் தெரியாதவர்களிடையே, புதிதாய் இன்னொரு முறை சேர்ந்தவனாக நிற்கிறான்.

அந்த இரவில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மணிக்கொரு முறை வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். எந்த மீட்டர் எந்தக் கலத்துக்கு உரியது என்ற சந்தேகம் வருகிறது. கேட்டால், “இன்னுமாடா தெரியல?” என்பார்கள். அதனால், முந்தைய மணிக்கு எழுதிய எண்ணையே சற்று முன்பின்னாக மாற்றி எழுதிவைக்கிறான். லாக் புக்கில் எல்லாம் சரியாக இருக்கும்; கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரசாயனத் தொழிற்சாலையில் கேட்கப் பயப்படும் ஒரு பையன் இருப்பது அவனுடைய மனநிலைச் சிக்கலோடு நிற்பதில்லை, அந்த ஷிப்டில் உள்ள அத்தனை பேரின் உயிர்ச் சிக்கலும் ஆகிறது. சுமை அதிகமாக இருந்து, வேலையைத் தன் போக்கில் செய்யும் உரிமை குறைவாக இருக்கும்போது அழுத்தம் கூடும் என்று ராபர்ட் கராசெக் 1979இல் சொன்னார். அதோடு துணையின்மையும் சேர்ந்தால் நிலைமை மிக மோசமாகும் என்பதை ஜெஃப்ரி ஜான்சனும் எல்லன் ஹாலும் 1988இல் சேர்த்தார்கள். உங்கள் ட்ரெயினிக்கு இந்த மூன்றும் ஒருசேர வாய்க்கின்றன.

ஆகவே, பிரியாணியைக் குறைத்தாலும் பரவாயில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு துணையாளை நிலைநிறுத்துங்கள். பையனின் ஷிப்ட் மாறினால் துணையாளின் ஷிப்டும் கூடவே மாற வேண்டும். துணையாளாக இருப்பவருக்கு அன்றாட இலக்கில் கொஞ்சம் தள்ளுபடியோ, மாதத்துக்கு ஒரு சிறு படியோ கொடுக்க வேண்டும். “பார்த்துக்கோப்பா” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி ஒப்படைப்பதில் பயனில்லை. தன் வேலையும் குறையாமல் இன்னொருவனுக்கும் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால், மிக நல்ல மனிதருக்கும் அந்தப் பையன் ஒரு தொல்லையாகத்தான் தெரிவான். முடிந்தால் ஒருவரைத் தனியே எடுக்காமல் இருவரையோ மூவரையோ சேர்த்தே எடுங்கள். தனியாக நுழைபவரைவிடக் குழுவாக நுழைபவர்கள் தங்களுக்குள் விசாரித்துத் தெளிந்துகொள்வார்கள். ஜான் வான் மானனும் எட்கர் ஷைனும் 1979இலேயே இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தயக்கமின்றி எழுதிவிடுகிறேன். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆதரவு இல்லாமல் இல்லை. அது சில தடங்களில் மட்டும் ஓடுகிறது. ஊர்க்காரப் பையன், சொந்தக்காரப் பையன் என்றால் வேலையை நுணுக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் இடம் போட்டு வைக்கிறார்கள். வேறு ஊர்ப் பையன் வந்தால் “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று கேட்டு, பதிலுக்குத் தக்கபடி தள்ளி நிற்கிறார்கள். அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கோ மொழியே சுவராக நிற்கிறது. துணையாள் யார் என்பதைக் கம்பெனியே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணம். தானாக அமையட்டும் என்று விட்டால், ஏற்கெனவே ஆள்பலம் உள்ளவனுக்குத்தான் அது அமையும்.

சூப்பர்வைசராக நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. “டேய் புதுசு” என்று கூப்பிடும் வழக்கத்தை உங்கள் ஷிப்டில் நிறுத்திவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. முகம் வாடி வருகிறான். அவனுடைய மேனேஜரின் எண் என்னிடம் இருக்கிறது. அவரிடம் பேசலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால், அப்பா பேசிவிட்டார் என்ற செய்தி அந்த அறையில் பரவினால், அவன் இன்னும் சில மாதங்களுக்குச் சின்னப் பையனாகவே நடத்தப்படுவான். வீட்டில் “வேலை பிடிச்சிருக்கா, இல்லையா?” என்று தினமும் கேட்பதையும் சற்று நிறுத்திவைக்கலாம். இன்று யாரோடு சாப்பிட்டான் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் கவலையைக் குறைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் எந்தப் பெயரும் வராமல், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் பேச வேண்டியது அவனிடம்தான்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு சீனியர் அக்கா சில நாள் தாய்போல் பார்த்துக்கொள்வார், சில நாள் நோயாளியின் உறவினர்கள் முன்னாலேயே, “இதுகூடத் தெரியாதா? எந்தக் காலேஜ்ல படிச்ச?” என்று கத்திவிடுவார். அதனால் மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில் அளவு வைப்பதுபோன்ற விஷயங்களைக்கூடக் கேட்கப் பயமாக இருக்கிறது. இந்தத் தொழிலே எனக்கு ஒத்துவராதோ என்று தோன்றுகிறது.
– வாசகி, வில்லியனூர்

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். படித்து முடித்து வார்டுக்குள் நுழையும் செவிலியர்களுக்கு ஏற்படும் இந்த அதிர்ச்சியை மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1974இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். கல்லூரியில் ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்கக் கற்றவர், வார்டில் ஒரே நேரத்தில் பலரைக் கவனித்து, மருந்து நேரம் தவறாமல், பதிவேடும் எழுதி, அடுத்த ஷிப்டில் வருபவரிடம் விவரம் சொல்லி ஒப்படைக்கும் ‘ஓவரும்’ கொடுத்தாக வேண்டும். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எல்லாமே பொய்யாகத் தெரியும், அதன் பிறகுதான் நிதானம் வரும். இரண்டாம் கட்டத்தில் இருக்கும்போது தொழிலைப் பற்றிய முடிவு எடுக்க வேண்டாம்.

அந்தச் சீனியரைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் சிக்கலின் மையம். திட்டுபவர் திட்டிக்கொண்டே இருந்தால் ஒதுங்கிவிடலாம். அணைப்பவரே அடிக்கும்போது மனம் எதை நம்புவது என்று தெரியாமல் களைத்துப்போகிறது. ஸ்லோவேனியா நாட்டுக் காவல்துறையினரிடையே மிஷெல் டஃபி குழுவினர் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்ட கட்டுரை இதையே சொல்கிறது: ஒரே மனிதரிடமிருந்து ஆதரவும் அவமதிப்பும் சேர்ந்து வரும்போது, அந்த ஆதரவு காயத்தை ஆற்றுவதில்லை, சில வகையில் நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. ஆகவே, “நல்லவங்கதான், சில நேரம்தான் இப்படி” என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு எல்லாச் சந்தேகங்களுக்கும் அவரையே நம்பி இருக்காதீர்கள். வார்டில் இன்னொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் அவ்வளவு அன்பானவராக இல்லாவிட்டாலும், இன்று எப்படியோ நாளையும் அப்படியே இருப்பவராக இருந்தால் போதும். இரவுப் பணியில் நோயாளிகள் உறங்கிய பிறகு வரும் அமைதியான நேரம் பம்பை இயக்கிப் பழக ஏற்றது. அப்போது ஒருமுறை முழுவதுமாகச் செய்துகாட்டச் சொல்லி, பிறகு அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள்.

நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட சந்தேகத்தில் மட்டும் எவருடைய கோபத்துக்கும் தயங்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்ப்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். அதனால், “எனக்குத் தெரியவில்லை” என்று தொடங்காமல், “அக்கா, டபுள் செக் பண்ணணும், ஆர்டர் இது, நான் கணக்கிட்ட அளவு இது, பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். இது மாணவியின் கேள்வியாக ஒலிக்காது. பணி விதியை நிறைவேற்றுபவரின் குரலாக ஒலிக்கும். அதையும் மறுத்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது.

நோயாளிகள் முன் கத்துவதைப் பற்றி அவரிடமே ஒருநாள், பணி முடிந்து உடை மாற்றும் அறையில் தனியாக இருக்கும்போது, “தப்பு செஞ்சா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்கக்கா, திருத்திக்கிறேன், அவங்க முன்னால சொன்னா அப்புறம் நான் ஊசி எடுத்துட்டுப் போனா அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க” என்று சொல்லிப் பாருங்கள். பலர் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள். தூக்கம் கெடும் அளவுக்கு மனம் தளர்ந்தால், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பாலியல் தொல்லை வேறு விஷயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் புகார்களை விசாரிக்கவென உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம்; புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அங்கே நிதானம், பொறுமை என்ற அறிவுரை எதுவும் பொருந்தாது.

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் டீமில் சனிக்கிழமை மாலை எல்லோரும் சேர்ந்து பாருக்குப் போவது வழக்கம். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. போகாமல் இருந்தால், திங்கட்கிழமை எனக்குத் தெரியாத பல விஷயங்கள் முடிவாகியிருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், திருக்கனூர்

பதில்: புதுச்சேரியில் வேலைக்குச் சேரும் பல இளைஞர்களின் சங்கடம் இது, எழுதத்தான் கூச்சப்படுகிறார்கள். நீங்கள் கவனித்தது சரி. எந்த மெஷின் எப்போது மாறப்போகிறது, எந்த அதிகாரிக்கு எது பிடிக்காது, அடுத்த புராஜெக்டுக்கு யார் யார் என்பதெல்லாம் இத்தகைய மாலைகளில்தான் கைமாறுகின்றன. நீங்கள் இழப்பது குடியை அல்ல, செய்தியை. ஆகவே, செய்திக்கு வேறு வாசல் தேட வேண்டும். அந்தக் குழுவில் ஒருவரையாவது பகலில் டீக்கடையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாரில் அரட்டையாகச் சொல்வதைவிட டீக்கடையில் மனிதர்கள் தெளிவாகச் சொல்வார்கள். மனம் ஒப்பினால் எப்போதாவது ஒருமுறை போய், எலுமிச்சை சோடாவோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லி எழுந்துவிடலாம். ஒப்பாவிட்டால் போகவே வேண்டாம். அதற்கு உடம்பு சரியில்லை, விரதம் என்று வாரம் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல், “எனக்குப் பழக்கம் இல்லை அண்ணே” என்று ஒரே முறை சொல்லிவிடுங்கள். ஓரிரு வாரம் கேலி செய்வார்கள். காரணம் மாறிக்கொண்டே இருந்தால்தான் கேலி நீளும்.

உங்கள் டீம் லீடர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு வார்த்தை: வேலைப் பங்கீட்டைச் சனிக்கிழமை மாலையில் முடிவு செய்கிறீர்கள் என்றால், குடிக்காதவர்களையும், குழந்தையை அழைத்துவர ஓடும் பெண்களையும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களையும் வெளியே நிறுத்தி முடிவு செய்கிறீர்கள். அதே பேச்சைத் திங்கட்கிழமை காலையில் பத்து நிமிடம் எல்லோர் முன்னிலையிலும் பேசிவிடலாம்.

கேள்வி: என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், நாற்பத்திரண்டு வயதில், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். உடன் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதினர். “அக்கா, அக்கா” என்று மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால், பில் போடும் கம்ப்யூட்டர் பக்கம் போனால், “நீங்க விடுங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்டாக் எடுக்கும்போதும் அப்படியே. எனக்குப் புடவை மடித்து வைக்கும் வேலைதான் மிஞ்சுகிறது. இது மரியாதையா, ஒதுக்குவதா?
– வாசகி, கடலூர்

பதில்: அவர்கள் மனத்தில் மரியாதைதான் இருக்கிறது, விளைவோ ஒதுக்குவதாக முடிகிறது. வேலையை வாங்கிச் செய்துகொடுப்பதும் ஓர் உதவிதான் என்றாலும், கற்றுக்கொள்ள வேண்டிய வேலையை ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டால் அது உங்களைப் புதியவராகவே நிறுத்திவைக்கும். மாதம் ஆறு ஆனாலும் பில் போடத் தெரியாதவர் என்ற பெயர் நிலைத்து, சம்பள உயர்வின்போது அது உங்களுக்கு எதிராக வரும்.

அவர்களுடைய “அக்கா”வையே நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத முற்பகல் நேரத்தில், விற்பனை மும்முரமாகாத வாரநாளில், அவர்களில் பொறுமையான ஒரு பெண்ணிடம், “நீ பக்கத்தில நில்லும்மா, கை நான் வைக்கிறேன், தப்பா போனா மட்டும் சொல்லு” என்று கேளுங்கள். கை யாருடையது என்பதுதான் இதில் முக்கியம். பார்கோடு ஸ்கேன் செய்வது, தள்ளுபடி போடுவது, மாற்றிக்கொள்ள வரும் துணிக்குப் பில் திருத்துவது என்ற மூன்றையும் ஒரே நாளில் கற்க முயலாதீர்கள். திருத்தம் கடைசியில் வரட்டும், அதில்தான் கணக்கு உதைக்கும். பதிலுக்கு நீங்கள் கொடுக்கவும் நிறைய இருக்கிறது. முகூர்த்தப் புடவை எடுக்க மூன்று தலைமுறையாக வரும் ஒரு குடும்பத்தில் முடிவு யாருடையது, மாப்பிள்ளை வீட்டார் என்ன விலைக்குள் பார்க்கிறார்கள் என்பதை இருபது வயதுப் பெண்ணைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுகொள்வீர்கள். அந்த வாடிக்கையாளர்களிடம் அவர்களை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் இருந்தால் கேட்பது எவருக்கும் கூச்சமாக இராது.

உங்களைவிட இளையவரான மேற்பார்வையாளரை எப்படி அழைப்பது என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கடையில் மற்றவர்கள் “சார்” என்றால் நீங்களும் “சார்” என்றே அழையுங்கள். “தம்பி” என்பது உங்களுக்கு இயல்பாக வரலாம். வாடிக்கையாளர்கள் முன் அவருக்கு அது சங்கடம்.

கடைசியாக, நாள் முழுக்க நின்று கால் வீங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் அனைவரும் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு உரிமையாளர் இருக்கை வசதி செய்து தர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் தனியாகப் போய் இதைக் கேட்பது கடினம். அந்தப் பெண்களின் கால்களும் உங்கள் கால்களைப் போலத்தான் வலிக்கும் என்பதால், நாலைந்து பேராகச் சேர்ந்து, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.